தமிழ்நாடு பட்ஜெட் ஆவணங்கள்: படிக்க முடிகிறதா?

நிதித்துறை இணையதளத்தில் மானியக் கோரிக்கைகள் (ஒவ்வொரு துறைக்கும் சட்டமன்றத்திடம் அரசு கேட்கும் தொகைப் பட்டியல்) தனித்தனி பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. காவல் துறைக்குக் கோரிக்கை எண் 22, பள்ளிக் கல்விக்கு எண் 43. இலவசம், விவரமானது. ஆனால் புதிதாகப் படிப்பவரைத் தடுக்கிவிடும்.

முதல் பொறி அலகு. தொகைகள் ஆயிரம் ரூபாயில் இருக்கும். 1,00,000 என்று கண்டால் 10 கோடி; பலர் ஒரு லட்சம் என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டாவது, இந்த ஆண்டின் பட்ஜெட் மதிப்பீட்டைப் போன ஆண்டின் பட்ஜெட் மதிப்பீட்டோடு மட்டும் ஒப்பிடுவது. இரண்டுக்கும் நடுவிலுள்ள திருத்திய மதிப்பீட்டை (போன ஆண்டின் ஒதுக்கீட்டைப் பின்னர் மாற்றிய தொகை) பாருங்கள், ஒதுக்கியதில் எவ்வளவு வெட்டினார்கள் என்பது அங்கேதான் தெரியும். உயர்நீதிமன்ற நீதிபதிகள் சம்பளம், கடன் வட்டி போன்றவை வாக்கெடுப்புக்கே வராதவை. கூட்டும்போது அவற்றைத் தனியே வையுங்கள்.

கட்டணம் தேடுவோருக்குத்தான் ஏமாற்றம். பத்திரப்பதிவுக் கட்டணம் வரவுப் புத்தகத்தில் 0030 என்ற கணக்குத் தலைப்பில் மொத்த வசூலாக மட்டுமே இருக்கும். விகிதம் இருக்காது. 2023-இல் விற்பனைப் பத்திரத்துக்கு 4%-லிருந்து 2%-ஆகக் குறைத்ததை பட்ஜெட் உரையில்தான் தேட வேண்டும். அதே மூச்சில் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிலத்துக்கு வைக்கும் மதிப்பு) உயர்த்தியதும் அங்கேதான் இருக்கிறது. அமலுக்கு வந்த தேதிக்கு அரசாணையைப் பார்க்க வேண்டும்.

துணை மானியக் கோரிக்கைகளையும் (ஆண்டின் நடுவில் அரசு கூடுதலாகக் கேட்கும் தொகைகள்) சேர்த்துப் படிக்காவிட்டால் ஆண்டுக் கணக்கு முழுமையாகாது.