சூப்பர் ஃப்ளையா, பிளாக் சீசரா? எதில் தொடங்கலாம்

எழுபதுகளில் வந்த பிளாக்ஸ்ப்ளாய்டேஷன் குற்றப் படங்களில் ஒன்றையாவது சேர்ந்து பார்க்க வேண்டும் என்று நண்பர்கள் சொன்னார்கள். எந்தப் படம் என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. வடிகட்டிப் பார்த்ததில் இரண்டு நின்றன: 1972இல் வந்த 'சூப்பர் ஃப்ளை', 1973இல் வந்த 'பிளாக் சீசர்'. நான் பிளாக் சீசரைத்தான் போட்டேன், இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன். காரணம் அந்தப் படத்தின் கடைசிப் பகுதி. அதைப் பேசாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது, ஆகவே இரண்டு படங்களின் முடிவையும் இங்கே வெளிப்படையாகச் சொல்லப் போகிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: 1971இல் 'ஷாஃப்ட்' போன்ற படங்கள் நன்றாக ஓடியதும், கறுப்பின நாயகனை வைத்துக் குறைந்த செலவில் எடுத்து, நகரங்களில் இருக்கும் கறுப்பின ரசிகர்களை நம்பி வெளியிடும் படங்கள் வரிசையாக வந்தன. பிளாக்ஸ்ப்ளாய்டேஷன் என்ற பெயரே கோபத்தில் பிறந்தது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஹாலிவுட் கிளைக்குத் தலைவராக இருந்த ஜூனியஸ் கிரிஃபின்தான் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். போதைமருந்து விற்பவனையும் பெண்களை வைத்துப் பிழைப்பவனையும் நாயகனாக்கி எங்கள் பிள்ளைகளிடமே காசு பார்க்கிறார்கள் என்பது அவர் தரப்பு. சூப்பர் ஃப்ளை அந்தக் கோபத்தை நேரடியாகச் சந்தித்த படம்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். களம் நியூயார்க், அதிலும் கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதி. இரண்டுமே கையில் இருந்த காசுக்கு எடுத்த படங்கள். ஒன்றுக்கு கர்டிஸ் மேஃபீல்ட் இசை, மற்றதற்கு ஜேம்ஸ் பிரவுன். ஜூலியஸ் ஹாரிஸ் இரண்டிலும் இருக்கிறார், அங்கே தொழிலை விட்டு ஒதுங்கப் பார்க்கும் பழைய வியாபாரி ஸ்கேட்டர், இங்கே மகனைக் கைவிட்டுப் போய்ப் பல வருடம் கழித்துத் திரும்பும் அப்பா. இரண்டு வேடத்திலும் அவர் அருமை.

சூப்பர் ஃப்ளைக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். இயக்கியவர் கார்டன் பார்க்ஸ் ஜூனியர், ஷாஃப்டை இயக்கியவரின் மகன். கறுப்பின வணிகர்களின் பணமும் அதில் இருந்தது, தொழில்நுட்பக் குழுவிலும் கறுப்பினக் கலைஞர்கள் கணிசமாக இருந்தார்கள். பிளாக் சீசரை எழுதி இயக்கியவர் லாரி கோஹன் என்ற வெள்ளைக்காரர், வெளியிட்டது மலிவு விலைப் படங்களுக்குப் பெயர் போன அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ். யார் கதையை யார் சொல்வது என்பதை முக்கியமாக நினைக்கிற ஒருவர் சூப்பர் ஃப்ளையைத் தேர்ந்தெடுத்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன். 2022இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அதைச் சேர்த்திருக்கிறார்கள்.

கதை சின்னதுதான். கொக்கெய்ன் விற்கும் பிரீஸ்ட், கடைசியாக ஒரு பெரிய சரக்கை வாங்கி விற்று, பத்து லட்சம் டாலர் பார்த்துவிட்டு இந்தத் தொழிலை விட்டே போய்விட நினைக்கிறான். பிரீஸ்ட்டாக நடித்த ரான் ஓ'நீல் மேடை நாடகத்திலிருந்து வந்தவர் என்பது அவர் நிற்பதிலேயே தெரியும். பனிக்காலத் தெருக்கள், நீள நீளமான காரோட்டும் காட்சிகள், சரக்கு கைமாறுவதை நிழற்படங்களாக அடுக்கி 'புஷர்மேன்' பாட்டை ஓடவிட்ட அந்தப் பகுதி, எல்லாமே மனதில் நிற்கும். படம் இழுக்கிறது என்று மதிப்பெண் குறைப்பவர்கள் சொல்வதும் பொய்யில்லை, கதை நகராமல் ஆள் மட்டும் நடந்துகொண்டே இருக்கும் இடங்கள் நிறைய. மேஃபீல்டின் இசைதான் அங்கெல்லாம் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது.

ஆனால் அந்த இசையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேஃபீல்டின் வரிகள் பிரீஸ்ட்டைப் புகழ்வதில்லை, போதைமருந்து என்ன செய்கிறது என்று சொல்லிக்கொண்டே போகின்றன. படத்துக்கு மனசாட்சி இருக்கிறது என்று வாதிடுகிறவர்கள் அந்த வரிகளைத்தான் காட்டுவார்கள். சரி, ஆனால் அவற்றில் மிகவும் உறைக்கிற 'ஃப்ரெடிஸ் டெட்' பாட்டு படத்தில் வரிகளோடு வருவதே இல்லை, இசை மட்டும்தான் வருகிறது. ஃப்ரெடி என்ற அந்த அப்பாவிக் கூட்டாளி செத்துப்போனதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இசைத்தட்டில்தான் இருக்கிறது. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது கிடைக்காது.

இனி முடிவுக்கு வருவோம். பிரீஸ்ட் ஜெயிக்கிறான். அவனுக்குச் சரக்கு கொடுத்து ஆட்டுவித்தவனே போலீஸ் துறையின் உயர் அதிகாரி என்று தெரியவருகிறது. கூட்டாளி எட்டி காட்டிக்கொடுத்ததை முன்கூட்டியே யூகித்துப் பணப்பையை மாற்றிவிட்டு, எனக்கு ஏதாவது ஆனால் உன் குடும்பத்தையே முடிக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டேன் என்று அந்த அதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, காரில் ஏறிப் போய்விடுகிறான். வெள்ளைக்கார அதிகாரியை ஒரு கறுப்பினத்தவன் வாயடைக்க வைத்துவிட்டு முழுசாக வெளியே போவது 1972இல் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிகிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. என் பிரச்சினை வேறு. அவன் விற்ற சரக்கு எந்தத் தெருவுக்குப் போனதோ அந்தத் தெரு படத்தின் கடைசியில் காணாமல் போய்விடுகிறது. கணக்கு அவனுக்கும் போலீஸ்காரனுக்கும் நடுவில் மட்டும் தீர்கிறது.

பிளாக் சீசர் அந்தத் தெருவை விடுவதே இல்லை, நான் அதன் பக்கம் சாய்வது இதனால்தான்.

1953இல் தொடங்குகிறது. ஷூ துடைக்கும் சிறுவன் டாமி கிப்ஸ், மெக்கின்னி என்ற போலீஸ்காரனுக்கு லஞ்சப் பணம் கொண்டுபோகிறான். பணம் குறைகிறது என்று சொல்லி மெக்கின்னி அவனைத் தடியால் அடித்துக் காலை உடைக்கிறான். வாழ்நாள் முழுக்க டாமி அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறான். பெரியவனாகி, மாஃபியா தலைவனுக்கு ஒரு கொலை செய்துகொடுத்து உள்ளே நுழைந்து, லஞ்சக் கணக்குப் புத்தகங்களைக் கைப்பற்றி, அவற்றை வைத்தே நகரத்தை மிரட்டி மேலே போகிறான். 1931இல் வந்த 'லிட்டில் சீசர்' போன்ற பழைய கேங்ஸ்டர் படங்களின் பாதைதான், கோஹன் அதை மறைக்கவும் இல்லை. சாமி டேவிஸ் ஜூனியருக்காக யோசித்த கதை இது, பிறகுதான் ஃப்ரெட் வில்லியம்சனிடம் வந்தது. தொழில்முறையில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர், ஆகிருதியான ஆள், அவர் நொண்டி நடப்பதைப் பார்க்கும்போது வரும் வலி தனி. அம்மா வேலைக்காரியாக இருக்கும் பணக்கார வீட்டையே வாங்கி அவளிடம் கொடுக்கிறான், அவள் மகிழாமல் பயப்படுகிறாள். இந்த வகைப் படங்களில் இப்படி ஒரு காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குறைகள் இருக்கின்றன. வருடங்கள் திடீர் திடீரென்று தாவுகின்றன, துணைப் பாத்திரங்கள் பாதியில் நிற்கின்றன, ரத்தம் சிவப்புப் பெயின்ட் போல இருக்கிறது. அதெல்லாம் பட்ஜெட், விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று உண்டு. குளோரியா ஹென்ட்ரி நடித்த ஹெலனை டாமி பலவந்தப்படுத்தும் காட்சி. டாமியின் அழுகலைக் காட்டுகிறது என்று சொல்லலாம், ஆனால் அதன் பாரம் அவள் தலையில்தான் விழுகிறது, அவளுக்கென்று படம் போதுமான நேரம் தரவில்லை. புதியவர்களோடு பார்க்கும்போது இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. நானும் சொல்லித்தான் போட்டேன்.

சரி, அந்தக் கடைசிப் பகுதி. ஃபிஃப்த் அவென்யூவில், டிஃபனி நகைக்கடைக்கு வெளியே டாமி சுடப்படுகிறான். குண்டடியோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கிறான். கோஹன் இதையெல்லாம் அனுமதி வாங்காமல் எடுத்தவர், கேமரா தூரத்தில் எங்கோ இருக்கிறது, தெருவில் போகிறவர்கள் துணை நடிகர்கள் இல்லை, வேலைக்கும் கடைக்கும் போகும் நிஜ மனிதர்கள். அவர்கள் முகங்களைப் பாருங்கள். ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறார், இன்னொருவர் விலகி வழிவிடுகிறார், ரத்தம் ஒழுக ஒரு கறுப்பினத்தவன் தடுமாறிப் போகிறான், அந்தப் பணக்காரத் தெரு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரிய கம்பெனி எடுத்திருந்தால் தெருவை மறித்து, ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, எல்லோரையும் அலற வைத்திருப்பார்கள். காசில்லாததால் கிடைத்த உண்மை இது. குறைந்த செலவுப் படத்தை 'அந்தக் காசுக்குப் பரவாயில்லை' என்று சலுகையோடு மதிப்பிடுவது ரசிகர்களின் பழக்கம், இந்தக் காட்சிக்கு அந்தச் சலுகை தேவையே இல்லை.

அடுத்தது மெக்கின்னி. காயத்தோடு வந்து சேர்ந்த டாமியைத் துப்பாக்கி முனையில் மறுபடி ஷூ துடைக்கச் சொல்கிறான். டாமி மண்டியிட்டுத் துடைக்கத் தொடங்கி, சட்டென்று அந்தப் பெட்டியாலேயே அடிக்கிறான். கறுப்பு பாலிஷை எடுத்து மெக்கின்னியின் முகம் முழுக்க அப்பி, வெள்ளைப் பாடகர்கள் முகத்தில் மை பூசிக்கொண்டு கறுப்பினத்தவர்போல் நடித்த காலத்தின் 'மாமி' (Mammy, அம்மா) பாட்டைப் பாட வைத்து, அடித்தே கொல்கிறான். கோஹனின் எல்லாப் படங்களையும் நான் பார்த்ததில்லை, பார்த்தவரையில் இதைவிட உக்கிரமான காட்சி இல்லை. ஷூ பெட்டி, போலீஸ்காரன், காலடியில் உட்கார்ந்தவன், முதல் பத்து நிமிடத்தில் பார்த்த அதே பொருட்கள், அதே ஆட்கள்.

வேறொரு படமாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும். டாமி செத்துக்கொண்டே, தான் பிறந்து வளர்ந்த கட்டடத்துக்குப் போகிறான். அது இடிந்து குப்பைமேடாகக் கிடக்கிறது. அங்கே திரியும் பையன்கள், அவன் சின்ன வயதில் எப்படி இருந்தானோ அதே வயதுப் பையன்கள், இவன் யார் என்றுகூடத் தெரியாமல் அடித்துப் போட்டுவிட்டுக் கையில் இருப்பதைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஜேம்ஸ் பிரவுன் பாடி ஏற்றிவிட்டவனை அந்தத் தெருவின் பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியவில்லை. பிரீஸ்ட் கட்டாமல் போன கணக்கை டாமி கட்டுகிறான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வெளியீட்டுக்கு முன் காட்டியபோது வில்லியம்சன் சாவதை ரசிகர்கள் ஏற்கவில்லை, அதனால் அமெரிக்கத் திரையரங்குப் பிரதிகளில் இந்த முடிவை வெட்டிவிட்டார்கள். மெக்கின்னி செத்தான், டாமி பிழைத்தான் என்ற நினைப்போடு ரசிகர்கள் கைதட்டிவிட்டு வெளியே வந்தார்கள். பிற்காலத்து வீடியோ, டிஸ்க் பதிப்புகளில்தான் முழு முடிவு வந்தது. பழைய ரசிகர்களின் கருத்தும் இன்று புதிதாகப் பார்ப்பவர்களின் கருத்தும் இந்தப் படத்தில் ஏன் இவ்வளவு முட்டிக்கொள்கின்றன என்று பல நாள் யோசித்திருக்கிறேன், பாதிக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. பழிதீர்த்த நாயகனின் படமும், சொந்தத் தெருவிலேயே செத்துப்போனவனின் படமும் வேறு வேறு படங்கள். வெட்டிய பிரதியை வைத்துக் கேட்டால் நானே சூப்பர் ஃப்ளையைச் சொல்லியிருப்பேன், அதிலாவது இசை நின்றிருக்கும். ஆகவே டிஸ்க் வாங்கினாலும் எங்கேயாவது ஓடுவதைப் பார்த்தாலும், இடிந்த கட்டடக் காட்சி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய திரையில், நல்ல ஒலியமைப்பில் சூப்பர் ஃப்ளை இதை முந்தலாம் என்று தோன்றுகிறது, நான் இரண்டையும் வீட்டுத் திரையில்தான் பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு பாருங்கள், பார்த்த கையோடு மேஃபீல்டின் இசைத்தட்டைத் தனியாகக் கேளுங்கள். பிளாக் சீசருக்கு அதே 1973இலேயே 'ஹெல் அப் இன் ஹார்லெம்' என்று இரண்டாம் பாகம் வந்தது. வெட்டிய முடிவு இருந்ததால்தான் டாமியை உயிரோடு கொண்டுவர முடிந்தது. வில்லியம்சன் வேறொரு படத்தில் இருந்ததால் பல இடங்களில் அவருக்குப் பதில் ஆள் மாற்றி எடுத்திருக்கிறார்கள், அதுவும் தெரிகிறது. முழு முடிவையும் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் தேவைப்படாது.