மனக்காயத்தோடு வரும் பிள்ளைக்கு எது உதவும்: ஆசிரியர் பயிற்சியா, மீள்திறன் வகுப்பா, குழு சிகிச்சையா?

வீட்டில் அடிதடி, குடி, நெருங்கிய ஒருவரின் மரணம், பாலியல் சீண்டல், போர், பேரிடர். இதில் ஏதோ ஒன்றைத் தாண்டி வந்த பிள்ளை இல்லாத வகுப்பறை அநேகமாக எங்கும் கிடையாது. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில் 9,508 பெரியவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டார்கள். இத்தகைய கசப்பான அனுபவம் ஒன்றாவது இருந்ததாகப் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். எண்ணிக்கை கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் போதைப் பழக்கமும் உடல்நோய்களும் கூடியிருந்தன.

இதற்குப் பள்ளி என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, எல்லா ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் மனக்காயம் பற்றிப் பயிற்சி கொடுத்து, பள்ளியின் அன்றாட நடைமுறையையே மாற்றுவது. இரண்டு, எல்லா மாணவர்களுக்கும் வாரம் ஒரு பீரியடு ஒதுக்கி உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுக்கொடுப்பது. அடிபட்டாலும் மீண்டெழும் திறனை வளர்ப்பதாகச் சொல்வதால், இதை மீள்திறன் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்று, உண்மையிலேயே தவிக்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து, பள்ளியிலேயே சிறு குழுவாக உட்காரவைத்துச் சிகிச்சை அளிப்பது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வழியும் மூன்றாவது வழியும் ஒன்றுக்கொன்று தேவை. இரண்டாவது வழி தனியாக நின்றால், காயம்பட்ட பிள்ளையின் தலையிலேயே இன்னொரு வீட்டுப்பாடத்தை ஏற்றுகிறது. சிக்கல் என்னவென்றால், நான் அடித்தளமாக நினைக்கும் முதல் வழிக்குத்தான் ஆய்வு ஆதாரம் மிகக் குறைவு. அதை மறைக்காமல் பேச வேண்டும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு, முதல் பீரியடு. ஒரு பையன் பத்து நிமிடம் தாமதமாக வருகிறான், இந்த வாரம் இது மூன்றாவது முறை. "எங்கே போயிருந்தே?" என்று ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்கிறார். அவன் பையை வீசுகிறான். "வெளியே போ" என்று ஆசிரியர் பின்னாலிருந்து தோளைத் தொட, அவன் கையைத் தட்டிவிடுகிறான். அடுத்த நிமிடம் தலைமையாசிரியர் அறை, மறுநாள் சஸ்பெண்ட்.

அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள் முகத்தில் கோபத்தை மற்றவர்களைவிடச் சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள் என்பதை உளவியலாளர் சேத் போலக்கின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆசிரியரின் புருவம் லேசாகச் சுருங்கினாலே அந்தப் பையனுக்கு ஆபத்து மணி அடித்துவிடுகிறது. உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உறைந்துபோவதற்கோ தயாராகிவிடுகிறது. நிதானமாக யோசித்துப் பதில் சொல்லும் திறமை அந்த நிமிடத்தில் அவனிடம் இல்லை.

இப்போது மூன்று வழிகளையும் இந்தக் காட்சியில் வைத்துப் பார்ப்போம். பயிற்சி பெற்ற ஆசிரியர் என்றால், "வந்துட்டியா, சரி, உட்காரு. 42ஆம் பக்கம்" என்பார். கேள்வியெல்லாம் அப்புறம், தனியாக, தாழ்ந்த குரலில். பின்னாலிருந்து தொடமாட்டார். தாமதத்துக்கான விளைவு இருக்கும், ஆனால் அது முன்பே தெரிந்த, எல்லோருக்கும் பொதுவான விளைவாக இருக்கும். மீள்திறன் வகுப்பு வைத்திருக்கும் பள்ளியில், அந்தப் பையன் போன வாரம் கற்ற மூச்சுப் பயிற்சியை இந்த நொடியில் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். மூன்றாவது வழியில் அந்த நிமிடத்துக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவன் ஏன் தூங்காமல் வருகிறான், எதைக் கண்டு பதறுகிறான் என்பதைக் கேட்க வாரத்தில் ஒரு மணி நேரம் யாரோ ஒருவர் காத்திருக்கிறார்.

மீள்திறன் வகுப்புகளைச் சுலபமாகத் தள்ளிவிடவும் கூடாது. 2011இல் ஜோசப் டர்லாக் குழுவினர் 213 சமூக-உணர்வுக் கற்றல் திட்டங்களை (உணர்ச்சிகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுத்தரும் பள்ளித் திட்டங்கள்)த் தொகுத்துப் பார்த்தபோது, நடத்தையோடு படிப்பிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பிறகு வந்த பெரிய சோதனைகள் நம்பிக்கையைக் குறைத்தன. பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) வகுப்புகளைச் சோதித்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். வழக்கமான வகுப்புகளைவிட மாணவர்களின் மனநலத்தில் கூடுதல் பலன் இல்லை. சுவாரஸ்யமான விஷயம், பாடம் நடத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் சோர்வு கொஞ்ச காலத்துக்குக் குறைந்தது. பிள்ளைக்கென்று செய்த செலவின் பலன் பெரியவரிடம்தான் தெரிந்தது. இதை நான் முக்கியமான தடயமாகப் பார்க்கிறேன்.

மீள்திறன் என்ற கருத்தின் வேரும் அதே பக்கம்தான் கைகாட்டுகிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். கடும் வறுமை, குடும்பச் சிக்கல் என்று பல ஆபத்துகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது, பெற்றோரோ பாட்டியோ ஆசிரியரோ அக்கம்பக்கத்தவரோ, விட்டுவிடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவரின் துணை. மீள்திறனைப் பிள்ளைக்குள் இருக்கும் தசை மாதிரி நினைத்து, பயிற்சி கொடுத்தால் வளரும் என்று நடத்தும் வகுப்புகள் இந்தப் பாதியைத் தவறவிடுகின்றன. "நீ இன்னும் உறுதியாக இருக்க வேண்டும்" என்று அடி வாங்கும் பிள்ளையிடம் சொல்வது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

குழு சிகிச்சைக்கு வருவோம். ஆதாரம் இங்கேதான் பலமாக இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில், வன்முறையை அனுபவித்து அதன் அறிகுறிகளோடு இருந்த 126 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனேயும் மற்றதற்குச் சில மாதம் கழித்தும் சிகிச்சை தந்தார்கள். பத்து அமர்வுகள். உடம்பைத் தளர்த்துவது, "எல்லாம் என்னால்தான்" என்பது போன்ற எண்ணங்களைச் சோதித்துப் பார்ப்பது, பயந்து ஒதுக்கும் விஷயங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை படிப்படியாக அணுகுவது, நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில் சொல்லிப் பழகுவது. 2003இல் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் முதல் பிரிவின் மன அதிர்ச்சி அறிகுறிகளும் மனச்சோர்வும் தெளிவாகக் குறைந்திருந்தன. பெற்றோரும் மாற்றத்தைப் பார்த்தார்கள். ஆனால் வகுப்பறை நடத்தையில் ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீட்டில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை!

இந்தக் கடைசி வரியைப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். பிள்ளைக்குள் வலி குறைகிறது. வகுப்பறையில் அவனுக்கு இருக்கும் பெயர் மாறவில்லை. சிகிச்சை அறையிலிருந்து திரும்பும் பிள்ளை அதே கேள்விக்கும் அதே முறைப்புக்கும்தான் வருகிறான் என்றால், முதல் வழி இல்லாமல் மூன்றாவது வழி பாதியில் நிற்கும்.

சரி, முதல் வழிக்கு என்ன ஆதாரம்? 2019இல் பிராண்டி மேனார்ட் குழுவினர், மனக்காயத்தைக் கருத்தில்கொண்டு இயங்கும் பள்ளிகள் பற்றிய ஆய்வுகளை முறையாகத் தேடினார்கள். அவர்கள் வைத்த தர அளவுகோலைத் தாண்டிய ஆய்வு ஒன்றுகூட இல்லை. பலனில்லை என்று நிரூபணமாகிவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை; ஒழுங்காகச் சோதிக்கப்படவே இல்லை. ஆனால் அதன் ஒரு துண்டைச் சோதித்த ஆய்வு உண்டு. ஜேசன் ஒகோனோஃபுவா குழுவினர் 2016இல், ஐந்து நடுநிலைப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களில் ஒரு பிரிவினருக்கு, மாணவரைப் புரிந்துகொண்டு ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பற்றிய ஒரு சிறு இணையப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஆசிரியர்களிடம் படித்தவர்களில் அந்த ஆண்டு சஸ்பெண்ட் ஆனவர்கள் 4.8 சதவீதம், மற்றவர்களிடம் 9.6 சதவீதம். பெரியவரின் பார்வை மாறினால் பிள்ளையின் ஆண்டே மாறக்கூடும் என்று நான் நம்புவதற்கு இது போதும்.

முதல் வழி கெட்டுப்போகும் இடங்களையும் சொல்ல வேண்டும். ஒருநாள் பயிலரங்கோடு முடிந்துபோவது முதலாவது. அடுத்தது இன்னும் ஆபத்தானது: பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்து, கசப்பான அனுபவங்களை எண்ணி மதிப்பெண் போடுவது. அந்த மதிப்பெண் மக்கள்தொகை அளவிலான ஆய்வுக்கு உருவானது, தனி ஒருவரின் தேவையை முடிவுசெய்ய அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த 1998 ஆய்வை நடத்திய ஆண்டாவே 2020இல் சக ஆய்வாளர்களோடு எழுதினார். ஆசிரியருக்குப் பிள்ளையின் கதை முழுக்கத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தோண்டிக் கேட்காமலேயே நிதானமாக நடந்துகொள்ள முடியும். பிள்ளையே முன்வந்து சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தைப் பாதுகாப்புக்கு உரியவரிடம் தகவல் போயாக வேண்டும். அப்புறம், பிறர் வலியைத் தினமும் தாங்கும் ஆசிரியரும் உடைவார். அவருக்குப் பேச ஓர் இடம் இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுப்பது சுமையைக் கூட்டுவதுதான்.

கவுன்சிலர் இருக்கும் பள்ளி என்றால், என் பரிந்துரை: அவருடைய நேரத்தைப் பொது அறிவுரை வகுப்புகளில் கரைக்காமல் குழு சிகிச்சைக்கு ஒதுக்குங்கள், ஆசிரியர் பயிற்சியை ஆண்டு முழுக்க, மாதம் ஒரு நடைமுறையாகப் பிரித்துக் கொண்டுபோங்கள். மீள்திறன் வகுப்பு ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், ஆனால் அதைக் காட்டி மற்ற இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

கவுன்சிலரே இல்லாத பள்ளிதான் கஷ்டம். அங்கே சிகிச்சையை வெளியிலிருந்துதான் தேட வேண்டும். ஆனால் முதல் வழியைச் செலவில்லாமல் தொடங்கலாம். ஆசிரியர் கூட்டத்தில் எல்லா மாணவர்களின் பெயரையும் சுவரில் ஒட்டுங்கள். தமக்கு நன்றாகத் தெரிந்த, தம்மிடம் வந்து பேசும் பிள்ளைகளின் பெயருக்கு நேராக ஒவ்வொருவரும் குறி போடட்டும். ஒரு குறிகூட விழாத பெயர்களை அன்றைக்கே ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தினமும் பெயர் சொல்லி ஒரு வார்த்தை பேசினால் போதும், என்ன நடந்தது என்று கேட்க வேண்டாம். பருவ முடிவில் அந்தப் பிள்ளைகளின் வருகைப் பதிவையும், எத்தனை முறை வகுப்பை விட்டு வெளியே அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கையும் எடுத்துப் பாருங்கள்.