எந்த கம்பெனி என்று முதலிலேயே கேட்டிருக்கலாம்

"உங்க பேஸ்மேக்கர் எந்த கம்பெனிம்மா?" இதைக் காலை ஏழரை மணிக்குக் கேட்டிருந்தால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். கேட்டது பன்னிரண்டு மணிக்கு.

நான் வேலூர் வேலப்பாடியில் பிறந்தவள், முப்பது வருஷமாக இங்கிலாந்தில் பர்மிங்காம். 2020-ல் இதயத் துடிப்புக்காக நெஞ்சில் பேஸ்மேக்கர் என்கிற சின்னக் கருவியை வைத்தார்கள். எனக்கு இரண்டு கோளாறும் உண்டு, சில நேரம் துடிப்பு முப்பத்தைந்துக்கு இறங்கிவிடும், சில நேரம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து தாறுமாறாக ஓடும். பேஸ்மேக்கர் வைத்தாயிற்றே, இனி என்ன என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள், என் தம்பியும் சேர்த்து. துடிப்பு அறுபதுக்குக் கீழே போகாமல் அது பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தாறுமாறான ஓட்டத்தை அது நிறுத்தாது, அதற்கு மாத்திரைதான். இதயத்தில் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வந்துவிடக் கூடாது என்பதற்காக அபிக்ஸபான் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

அக்னி நட்சத்திரத்தில் வேலூருக்கு வந்தது என் தப்பு என்று தம்பி மனைவி சொன்னாள். இருக்கட்டும், அம்மாவின் வருஷ திதி அப்போதுதான் வருகிறது. மூன்றாம் நாள் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தேன், சின்ன வயசில் படுத்த அதே இடம். ராத்திரி இரண்டு மணி இருக்கும், நெஞ்சில் ஆரம்பித்துவிட்டது. நாலு துடிப்பு சேர்ந்து ஓடுகிறது, ஒன்று நிற்கிறது, அப்புறம் இரண்டு. விடியும் வரை தூங்கவில்லை. பர்மிங்காமில் என் கட்டில் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், பேஸ்மேக்கரில் பதிவானதை அதுவே கிளினிக்குக்கு அனுப்பிவிடும், ஏதாவது இருந்தால் நர்ஸ் போன் செய்வார். நான் அதை எடுத்து வரவில்லை.

காலையில் ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நெஞ்சு வலியா? பயப்படாதே, உக்காரு" என்றார். எத்தனை வருஷமாயிற்று அந்த 'இன்னாம்மா'வைக் கேட்டு, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் நாள் முழுக்க ஆகும் என்று தம்பி ஒரு தனியார் இதய கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். இடம் சுத்தமாக இருந்தது, ஆட்களும் தன்மையாகத்தான் பேசினார்கள். கவுன்டரில் இருந்த பெண்ணிடம் பேஸ்மேக்கர் கார்டை நீட்டினேன். அதில் கம்பெனி பெயர், மாடல், வைத்த தேதி எல்லாம் இருக்கிறது. அவள் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "உக்காருங்கம்மா, டாக்டர் பார்ப்பாங்க." டோக்கன் 43. நடுவில் இரண்டு தரம் போய்க் கார்டைக் காட்டினேன், இரண்டு தரமும் அதே பதில். பன்னிரண்டுக்கு ஈசிஜி எடுத்தார்கள், "இப்ப நார்மலா இருக்கு" என்றார்கள். ராத்திரி என்ன நடந்தது என்று பேஸ்மேக்கரிடம்தான் கேட்க வேண்டும், அதைப் படித்துச் சொல்லுங்கள் என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி. அதற்கு அடுத்த வாக்கியம்: "அந்த கம்பெனி மெஷின் எங்ககிட்ட இல்லைங்க."

மெஷின் இல்லாததற்கு நான் கோபப்படவில்லை. பேஸ்மேக்கரைப் படிக்கிற மெஷினுக்குப் பெயர் புரோகிராமர், ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி, ஒன்றின் மெஷின் இன்னொன்றைப் படிக்காது, பர்மிங்காமிலும் அப்படித்தான். ஆனால் அங்கே ரிசப்ஷனிலேயே முதல் கேள்வி அதுதான். ராத்திரி முழுக்கத் தூங்காத ஒருத்தியை நாலரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள், கார்டைத் திருப்பிப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்கென்று ரயிலேறி வருகிற ஊர் இது. காந்தி ரோட்டில் பாதி போர்டு வங்காளியில் இருக்கிறது. இங்கேயா இப்படி?

சரி, அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் எங்கள் தெருப் பக்கம் இரண்டே அறை உள்ள ஒரு சின்ன கிளினிக். மேஜையில் இருந்த பையன் கார்டை வாங்கினான், முன்னும் பின்னும் பார்த்தான், அந்த கம்பெனியின் சென்னை நம்பருக்கு அவனே போன் போட்டான். "நாளைக்குக் காலையில ஆள் வராரும்மா, வெறும் வயித்துல எல்லாம் வர வேணாம், சாப்பிட்டே வாங்க." மறுநாள் ஒன்பதரைக்கு கம்பெனி இன்ஜினியர் ஒருவர் புரோகிராமரைத் தோளில் மாட்டிக்கொண்டு, காட்பாடியில் இறங்கி 1-ஆம் நம்பர் பஸ்ஸில் வந்து நின்றார். அந்த வெயிலில். பர்மிங்காமில் குடும்ப டாக்டரைப் பார்க்கவே எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

நெஞ்சின் மேல் வட்டமான ஒன்றை வைத்தார், பத்து நிமிஷத்தில் எல்லாம் திரையில் வந்துவிட்டது. ராத்திரி 1.52-க்கு ஆரம்பித்து 6.10 வரை ஓடியிருக்கிறது. பேட்டரி இன்னும் ஆறு வருஷம் வரும், ஒயர்கள் நன்றாக இருக்கின்றன. டாக்டர் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பிஸோப்ரோலால் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார், அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: அபிக்ஸபான் விட்டுப்போனதா? விட்டுத்தான் போயிருந்தது. இங்கிலாந்து நேரப்படியே காலை எட்டு, ராத்திரி எட்டு என்று வைத்திருந்தேன். நாலரை மணி நேர வித்தியாசத்தில் அது இங்கே ராத்திரி பன்னிரண்டரை. முதல் நாள் தூங்கிவிட்டேன். அவருக்கு முன்னால் யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இந்திய நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மொத்தம் ஐந்நூறு ரூபாய். இன்ஜினியர் தனியாக எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. தம்பி ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்தான், அதை மட்டும் நின்றபடியே குடித்துவிட்டு, அடுத்த ஆள் ராணிப்பேட்டையில் காத்திருக்கிறார் என்று பையை மாட்டிக்கொண்டார். போகும் முன் கம்பெனி நம்பரை என் கார்டின் பின்பக்கம் பேனாவால் எழுதி, "அடுத்த தடவை டிக்கெட் போட்டதும் இதுக்கு ஒரு போன் பண்ணிடுங்கம்மா, நீங்க வர்றதுக்குள்ள ஏற்பாடு செஞ்சுடலாம்" என்றார்.