புல்தரைக் கோரைக்கு ஹாலோசல்ஃப்யூரான் களைக்கொல்லி: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் வீட்டு முன்னால் எருமைப்புல்லோ மெக்சிகன் புல்லோ போட்டவர்களுக்குப் பெரிய தலைவலி கோரைதான். புல் மாதிரி தெரிந்தாலும் அது புல் இல்லை. பூத்தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டினால் மூன்று விளிம்பும் தட்டுப்படும்.

கோரையைப் பிடுங்குவது வீண் வேலை. ஒரு கொத்தை மண்ணோடு தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கம்பி போலக் கறுத்த தண்டில் மணி கோத்ததுபோல் கிழங்குகள் வரிசையாக இருக்கும். நறுக்கினால் உள்ளே வெள்ளை, நல்ல வாசனை. குளியல் பொடிக்குப் போடும் கோரைக்கிழங்கு இதுதான். முன்னால் இருப்பது முளைத்து நிற்கும் காலமெல்லாம் பின்னால் உள்ளவை உறங்கும். இழுக்கும்போது அந்தச் சங்கிலி அறுந்தால், உறங்கியவையும் தனித்தனியாக முளைக்கும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி வேண்டாம். அது புல்லையும் சேர்த்துக் கருக்கிவிடும். போதாக்குறைக்கு, 2022 அக்டோபரிலிருந்து பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் மட்டுமே அதை அடிக்கலாம் என்று மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது.

சரியாக வேலை செய்வது ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் 75% குருணை. கரும்புக் களைக்கென்று உரக்கடையில் கிடைக்கும். அளவு ஏக்கருக்கு 36 கிராம், அதாவது சென்டுக்கு 0.36 கிராம். 5 சென்ட் புல்தரைக்கு 10 லிட்டர் தண்ணீரில் 1.8 கிராம். இதைக் கண்ணளவில் போடவே கூடாது. நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கூடினால் புல்லும் மஞ்சளாகி வளர்ச்சி நின்றுவிடும். முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, பிறகு டேங்கில் ஊற்றி, அடிக்கும்போதும் இடையிடையே குலுக்க வேண்டும். கோரை இலை மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாக இருப்பதால் லிட்டருக்கு 2.5 மில்லி ஒட்டுத்திரவம் சேருங்கள். சேர்க்காவிட்டால் மருந்து முத்து முத்தாக உருண்டு கீழே விழும்.

அடிக்க இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்டாதீர்கள். மருந்தை உறிஞ்சுவதற்கு இலை வேண்டும். கோரை நான்கைந்து இலை விட்டிருக்கும்போது அடித்தால் பலன் அதிகம். மண்ணில் ஈரம் இருக்கலாம், இலை காய்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் சிக்கலே இங்குதான். ஜூன், ஜூலை சாரலில் நாலு மணி நேரம் தொடர்ந்து இலை காய்வதே அபூர்வம். கோடை மழைக்குப் பின் மே மாதம் ஒரு தடவை, சாரல் விட்டதும் செப்டம்பரில் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் சரியாக அமையும்.

ஒரு வாரம் ஒன்றுமே நடக்காது. மருந்து போலி என்று நினைத்து மறுபடி அடித்துவிடாதீர்கள். வளர்ச்சிக்குத் தேவையான சில அமினோ அமிலங்களைச் செடி தயாரிக்க முடியாமல் செய்வதுதான் இதன் வேலை. அதனால் முதலில் குருத்து நிற்கும், பிறகு மஞ்சளாகும், மூன்று நான்கு வாரத்தில் காயும். உறங்கும் கிழங்குகளுக்கு மருந்து சரியாகப் போய்ச் சேராததால் அவை பிறகு முளைக்கும். இரண்டாவது தடவை அவற்றுக்காகத்தான். முதல் வருடம் பாதியாகத்தான் குறையும். மூன்றாம் வருடம் அங்கொன்று இங்கொன்று மிஞ்சும்.

மிளகாய், தக்காளி, அவரை, பூச்செடிப் பக்கம் காற்றில் மருந்து போனால் அவை கெடும். காலையில் காற்று இல்லாதபோது, கையுறை போட்டு, முனையைத் தாழப் பிடித்து அடியுங்கள். அடித்த புல்லை வெட்டி மாட்டுக்குப் போடக் கூடாது. தொட்டாற்சிணுங்கிக்கு இதை நம்ப வேண்டாம். மழை பெய்த மறுநாள் களைக்கொத்தியால் ஆணிவேரோடு எடுப்பதே நல்லது.

எல்லாம் ஒழிந்த பிறகும் கோரை திரும்பி வருவது பெரும்பாலும் செம்மண் லோடில்தான். புதிதாக மண் கொட்டினால் உடனே பரப்பாமல் ஓரமாக வைத்து, இரண்டு வாரம் தண்ணீர் தெளித்து, முளைக்கிறதா என்று பாருங்கள். முளைத்தால் சலித்துக் கிழங்கைப் பொறுக்கி, மொட்டைமாடி வெயிலில் நன்றாகச் சுருங்கும்வரை காயப்போடுங்கள்.