அம்மாவுக்கு கிட்னி ஸ்கேன், இல்லாத பித்தப்பை நார்மல்

மூணு வாரம் தஞ்சாவூர் போயிட்டு வந்தேன். பாதி லீவு அம்மாவோட கிட்னிக்கே போயிடுச்சு. அம்மாவுக்கு 20 வருஷமா பிபி, மாத்திரை போடுவாங்க, தலைசுத்தல் இல்லன்னா அவங்களே நிறுத்திடுவாங்க, நான் லண்டன்லேர்ந்து கேட்டா "போட்டாச்சுப்பா"ன்னு பதில் வரும். இந்த தடவ ரத்த டெஸ்ட்ல, கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் 1.4, கொஞ்சம் அதிகம். உடனே டாக்டர் வயித்து ஸ்கேன் எழுதிட்டாரு.

மெடிக்கல் காலேஜ் ரோட்டுல ஸ்கேன் சென்டருக்கா பஞ்சம். வெறும் வயித்தோட போய் டோக்கன் வாங்கி, ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு யூரின் முட்டுற வரைக்கும் உக்காரணும். முட்டினப்புறமும் முக்கா மணி நேரம் உக்கார வச்சாங்க பாருங்க, அதான் கொடுமை. அம்மா "தம்பி, இனிமே என்னால முடியாதுடா"ங்கிறாங்க, கவுண்டர் பொண்ணு "பாட்டி, இன்னும் ரெண்டே பேருதான்"னு அசையவே இல்ல. ஆனா 1,100 ரூபா, அன்னிக்கே ரிப்போர்ட். லண்டன்ல எனக்கு இதே ஸ்கேன் காசில்லாமதான் எடுத்தாங்க, ஆனா ஏழு வாரம் காத்திருந்தேன், எடுத்தவங்க ஒரு வார்த்த சொல்லல, எல்லாம் ஜிபி, அதாவது அங்க நம்ம ஏரியா குடும்ப டாக்டர், சொல்லுவாருன்னு அனுப்பிட்டாங்க.

இங்க ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா ஸ்க்ரீன என் பக்கம் திருப்பி காட்டினாங்க. "இது லிவர், ஒட்டினாப்ல இருக்கிறது கிட்னி. லிவர விட கிட்னி கொஞ்சம் கருப்பா தெரியணும், அம்மாவுக்கு வெளுத்து தெரியுது பாருங்க." ஓரத்து சதையும் மெலிஞ்சிருக்காம். வலது 8.7 செ.மீ, இடது 8.9. சாதாரணமா 10, 11 இருக்குமாம்.

வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்ட படிச்சா "பித்தப்பை நார்மல், கல் இல்லை". அத ஆபரேஷன் பண்ணி எடுத்து ஆறு வருஷம் ஆச்சு! பழைய ரிப்போர்ட் மேலயே டைப் அடிச்சிருக்காங்க. அப்ப கிட்னி அளவ மட்டும் எந்த தைரியத்துல நம்புறது? மறுநாள் போய் கேட்டேன். டாக்டரம்மா சாரி சொல்லிட்டு காசு வாங்காம மறுபடி படுக்க வச்சு அளந்தாங்க. 8.8, 8.9. அளவு சரிதான், டைப்பிங்தான் கோளாறு.

பிபி பாக்கிற டாக்டர் நல்லா விளக்கினாரு. வருஷக்கணக்கா அழுத்தம் ஏறி கிட்னிக்குள்ள இருக்கிற பொடி ரத்தக்குழாய் தடிச்சு, ரத்தம் குறைஞ்சு, தழும்பாகி சுருங்குமாம். சுகர்ல கெட்டா பல பேருக்கு சைஸ் குறையாதாம். ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கிறதால பெரிய குழாய்ல அடைப்பு இருக்க வாய்ப்பு கம்மி, ஒண்ணரை செ.மீக்கு மேல வித்தியாசம் இருந்தா ரத்த ஓட்டத்த பாக்கிற டாப்ளர் ஸ்கேன் எடுக்கணும்னாரு. சுருங்கினது திரும்பாது, இருக்கிறத காப்பாத்தலாம். இன்னொண்ணு, ஆரம்பத்துல ஸ்கேன்ல ஒண்ணுமே தெரியாதாம், யூரின்ல ஆல்புமின்ங்கிற புரதம் கசியுதான்னு பாத்தாதான் முன்னாடியே பிடிக்க முடியும். 20 வருஷத்துல அந்த டெஸ்ட்ட அம்மாவுக்கு யாரும் எழுதல, நானும் கேக்கல.

அப்புறம் அம்மாவோட பைய வாங்கி கொட்டினாரு. மூட்டு வலிக்கு மெடிக்கல்ல வாங்கின டைக்ளோஃபெனாக் நாலு அட்டை. "இந்த வலி மாத்திரை கிட்னிய இன்னும் கெடுக்கும், இத முதல்ல நிறுத்துங்கம்மா"ன்னாரு. அம்மா என்ன முறைச்சாங்க, நான் என்னமோ போட்டு குடுத்த மாதிரி.

ஸ்கேன் படம் வர்ற அந்த வழவழ பேப்பர் நாளாக நாளாக மங்கிடும், அதனால எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கேன். அடுத்த வருஷமும் அதே சென்டர்தான், கவுண்டர் பொண்ணுகிட்ட மட்டும் முன்னாடியே பேசிடணும்.