முக்கா ஹெட் கலங்கரை விளக்கம்: நிபோங் திபாலிலிருந்து ஒருநாள் வேன் பயணம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், எங்கள் நிபோங் திபால் பட்டணத்தில் வார இறுதிச் சுற்றுலா நடத்தும் வேன்காரர் ஒருவர், முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்குத் தலைக்கு 90 ரிங்கிட் வீதம் அழைத்துச் செல்கிறார். வேன், படகு, மதியச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். சென்ற மாதம் தோட்டத்து உறவினர்கள் பதினொரு பேருடன் போய் வந்தேன். இடத்துக்கு முழு மதிப்பெண் தருவேன், ஏற்பாட்டுக்குப் பாதிதான்.

காலை 6 மணிக்குக் கோயில் வாசலுக்கு வரவேண்டிய வேன் ஏழரைக்குத்தான் வந்தது. பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், 2003இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் இந்த விளக்கத்துக்குச் சாலை கிடையாது. தெலுக் பாஹாங்கில் படகேறி, குரங்குக் கடற்கரை எனப்படும் தெலுக் டுயோங்கில் இறங்கி, அங்கிருந்து காட்டுக்குள் செங்குத்தாக ஏறியாக வேண்டும். நாங்கள் ஏறத் தொடங்கும்போதே மணி பதினொன்று. மலைக்காட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியபோதுகூட இப்படி மூச்சு வாங்கியதில்லை என்று அத்தை பாதி வழியில் ஒரு வேரின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மேலே போனதும், "இவ்வளவுதானா மாமா?" என்றான் அக்காள் மகன். 1883இல் பிரிட்டிஷார் கட்டிய அந்த வெள்ளைக் கோபுரத்தின் உயரம் வெறும் 14 மீட்டர். ஆனால் அது நிற்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து 242 மீட்டர் மேலே இருக்கிறது. மலையே உயரத்தைக் கொடுத்துவிட்ட பிறகு கோபுரம் எதற்கு வளர வேண்டும்? அந்த உயரத்துக்குத் தொடுவானம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. மலாக்கா நீரிணையிலிருந்து பினாங்குத் துறைமுகத்தை நோக்கி இரவில் வரும் கப்பல்களுக்குத் தீவின் முனையைக் காட்ட அது தாராளமாகப் போதும். வடகிழக்கே கெடாவின் ஜெராய் மலை நீலமாகத் தெரிந்தது. விளக்குகளே இல்லாத காலத்தில் தமிழ் வணிகரின் மரக்கலங்கள் கடாரத்துக்கு வழி கண்டது அந்த மலையை அடையாளம் வைத்துத்தான். இதையெல்லாம் பையனுக்கு நான்தான் சொன்னேன். உடன் வந்த வழிகாட்டி நிழலில் அமர்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கரையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். குரங்குக் கடற்கரை என்ற பெயரை அவர்கள் யோசிக்கவில்லை போலும். நாங்கள் இறங்கி வந்தபோது வாழையிலைகள் மணலில் சிதறிக் கிடந்தன, சம்பல் மட்டும் மிஞ்சியிருந்தது. வேன்காரர் மன்னிப்புக் கேட்டுத் தலைக்குப் பத்து ரிங்கிட் திருப்பித் தந்தார். அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டோம்.

அடுத்த முறை சொந்தக் காரில் விடியலிலேயே தெலுக் பாஹாங் போய், படகை நாங்களே பேசிக்கொள்வதாக இருக்கிறோம். அத்தையும் வருகிறாராம், அந்த வேரைத் தாண்டிப் பார்த்தே ஆகவேண்டுமாம்.