நிற்காமல் பறக்கும் சிங்கப்பூர்–நியூயார்க் விமானம்
சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான சுமார் 15,300 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் கடக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சேவை, 18 மணி நேரத்துக்கும் மேல் நீண்டாலும், நடுவழியில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் அலைச்சல் இல்லாததால் மனநிறைவைத் தருகிறது. மிக நீண்ட தூரப் பயணத்துக்கான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் ரக விமானத்தில் 161 இருக்கைகளே உள்ளன. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது என்பதால் கட்டணம் கையைக் கடிக்கும்.

மேலடுக்குக் காற்றின் வேகத்தைத் துணைகொள்வதற்காகப் போகும்போது பசிபிக் வழியாகவும் திரும்பும்போது அட்லாண்டிக் வழியாகவும் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே பறப்பதை இருக்கைத் திரையின் வரைபடத்தில் பார்க்கையில், போய்த் திரும்புவதற்குள் உலகையே சுற்றிவிடுகிறோம் என்பது புரிந்து வியப்பு மேலிடுகிறது. கோடையில் இரு நகரங்களுக்கும் நேர வேறுபாடு சரியாக 12 மணி என்பதால் முள் கடிகாரத்தைத் திருத்தவே வேண்டியதில்லை. சாதாரண எகானமியைவிடச் சற்று வசதியான பிரீமியம் எகானமி வகுப்பின் பின்வரிசைகளில் ஜன்னலோரம் உள்ள ஒற்றை இருக்கைகளைத் தனியாகப் பயணிப்போர் முன்பதிவின்போதே கேட்டுப் பெறுவது நல்லது.